சுட்டது சரியா என்று யார் சொல்வது?

போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் யாராவது இறந்த செய்தி வந்தால் போதும், நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் அரை மணி நேரத்தில் இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம், "நல்லா வேணும்", "இவனுங்கள இப்படித்தான் செய்யணும்" என்று கைதட்டும் படங்கள் வரிசையாக வரும். இன்னொரு பக்கம், "நம்ம பிள்ளைங்கன்னா மட்டும் உடனே சுட்டுடுவாங்களா?" என்ற கோபம் வெடிக்கும். பல வீடுகளில் இந்த இரண்டையும் அனுப்புவது ஒரே மேசையில் சாப்பிடும் மாமாவும் மருமகனும்தான்.

வானொலியிலும் இதே கதைதான். இந்தத் தலைப்பில் தொலைபேசி இணைப்பைத் திறந்தால், மனித உரிமை என்று வாயைத் திறப்பதற்குள் ஒரு கேள்வி வந்து விழும்: "ஏம்மா, உன் வீட்டுல புகுந்து தாலிக்கொடியை அறுத்துட்டுப் போயிருந்தா இப்படிப் பேசுவியா?"

இந்தக் கேள்வியை நான் ஒதுக்கத் தயாரில்லை. அது நியாயமான பயத்திலிருந்து வருகிறது. சந்தைக்குப் போகும்போது நகையைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு போகும் அம்மாக்களை நமக்குத் தெரியும். இரும்புக் கதவுக்கு இரண்டு பூட்டு, அதற்கு மேல் ஒரு கேமரா என்று வாழும் தாமான்களையும் தெரியும். கொள்ளையனின் பாராங் கத்தியைக் கழுத்தருகே பார்த்த ஒருவரிடம் போய், "கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள்" என்று சொல்வது சுலபமில்லை.

போலீஸ்காரர்களின் ஆபத்தும் கற்பனை இல்லை. 2024 மே 17ஆம் தேதி அதிகாலை, ஜொகூர், உலு திராம் காவல் நிலையத்துக்குள் பாராங் கத்தியோடு நுழைந்த ஒருவன் இரண்டு போலீஸ்காரர்களைக் கொன்றான். மூன்றாவது அதிகாரி காயத்தோடு தப்பினார். தாக்கியவன் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டான். அந்தத் தோட்டாவைப் பற்றி நாட்டில் யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. அந்த நிமிடத்தில் சுடுவதைத் தவிர வேறு வழி இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

அப்படியானால் சர்ச்சை எங்கே ஆரம்பிக்கிறது? சுட்டவர்களைத் தவிர வேறு யாரும் பார்க்காத இடத்தில் நடக்கும் சூட்டில்தான்.

சட்டம் போட்ட கோடு

"திருடன் ஓடினான், சுட்டார்கள், இதில் என்ன தப்பு?" என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டுச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, கைதாவதை ஒருவர் பலவந்தமாக எதிர்த்தாலோ தப்பிக்க முயன்றாலோ, அவரைப் பிடிக்கத் தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்தலாம் என்கிறது. ஆனால் அதே பிரிவு உடனே ஒரு கோட்டையும் போடுகிறது. மரண தண்டனை, ஆயுள் சிறை போன்ற மிகக் கடுமையான தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் பறிக்க இது உரிமை தராது.

கொள்ளைக்கு என்ன தண்டனை? குற்றவியல் சட்டத்தின் 392ஆவது பிரிவின்படி அதிகபட்சம் 14 ஆண்டு வரை சிறை. கும்பலாகக் கொள்ளையடித்தால் 20 ஆண்டு வரை. ஆக, ஓடுகிறான் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு கொள்ளையனைக் கொல்ல சட்டத்தில் இடமில்லை.

பிறகு எந்த அடிப்படையில் போலீஸ் சுடுகிறது? தற்காப்பு உரிமையின் அடிப்படையில். அது உங்களுக்கும் எனக்கும் இருக்கும் அதே உரிமை. உயிர் போகும் அல்லது படுகாயம் நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தாக்குபவரின் உயிர் போனாலும் அது குற்றமாகாது என்கிறது 100ஆவது பிரிவு. அதற்கு முந்திய பிரிவு, தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டக்கூடாது என்கிறது.

ஏறக்குறைய ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டு அறிக்கையிலும் ஒரு பாராங் ஏன் தவறாமல் வருகிறது என்பது இப்போது புரியும். சட்டத்தின் முழு எடையும் அந்தப் பாராங்கில்தான் தொங்குகிறது. அது இருந்ததா, யார் கையில் இருந்தது, எவ்வளவு தூரத்தில் இருந்தது, அதில் யாருடைய கைரேகை என்று கேட்பது போலீஸை அவமதிப்பது ஆகாது. சட்டம் கேட்கச் சொல்லும் கேள்வியே அதுதான்.

ஷா ஆலாமில் ஒரு பையன்

2010 ஏப்ரல் 26ஆம் தேதி அதிகாலை. ஷா ஆலாம், பிரிவு 11. பதினான்கு வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் அக்காவின் காரை எடுத்துக்கொண்டு நண்பனோடு வெளியே போயிருந்தான். உரிமம் இல்லை, வயதும் இல்லை. தப்புதான். வழியில் வேறொரு வாகனத்தோடு உரசல், பயத்தில் நிற்காமல் ஓட்டினான். போலீஸ் விரட்டியது. வீட்டுக்குப் பக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டான்.

காரைப் பின்னோக்கிச் செலுத்தி போலீஸ்காரர்களை மோத முயன்றான், காரில் பாராங் இருந்தது என்று போலீஸ் தரப்பு முதலில் சொன்னது. குடும்பம் மறுத்தது. உயிர் தப்பிய நண்பன் வேறு கதை சொன்னான். நாடே கொதித்தது.

ஒரு போலீஸ்காரர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 2011இல் செஷன்ஸ் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று சொல்லி ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2012 இறுதியில் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த விடுதலை மேல்முறையீட்டிலும் நிலைத்தது. பல ஆண்டுகள் கழித்து, குடும்பம் போட்ட சிவில் வழக்கில் இழப்பீடு வழங்க உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஒரே சம்பவத்தில் ஒரு நீதிமன்றம் சிறை என்கிறது, இன்னொன்று விடுதலை என்கிறது, மூன்றாவது இழப்பீடு என்கிறது. நீதிபதிகளே சாட்சிகளையும் ஆவணங்களையும் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் யோசிக்கும் விஷயம் இது. நாமோ வாட்ஸ்அப்பில் அரை நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

டுரியான் துங்கல்

2025 நவம்பர் 24ஆம் தேதி அதிகாலை, மலாக்கா, டுரியான் துங்கலில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மூன்று இந்திய இளைஞர்கள் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மூவருமே இருபதுகளில் இருந்தவர்கள். தொடர் கொள்ளைகளோடு தொடர்புடையவர்கள், பாராங் கத்தியால் ஒரு போலீஸ்காரரைத் தாக்கினார்கள் என்றது போலீஸ். கொலை முயற்சி என்று 307ஆவது பிரிவின் கீழ் விசாரணை திறக்கப்பட்டது. அதாவது முதலில் திறந்த கோப்பில் இறந்தவர்கள்தான் சந்தேக நபர்கள்.

குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. சம்பவ நேரத்துத் தொலைபேசி அழைப்பின் ஒலிப்பதிவு என்று ஒன்றை வழக்கறிஞர்கள் முன்வைத்தார்கள். டிசம்பரில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம், இதை 302ஆவது பிரிவின் கீழ், அதாவது கொலை என்ற கோணத்தில் விசாரிக்கச் சொன்னது.

அந்தத் தோட்டத்தில் என்ன நடந்தது என்பதை இந்தப் பத்தியில் நான் தீர்மானிக்கப் போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 307லிருந்து 302க்கு அந்தக் கோப்பு நகர்ந்ததற்கு முன்னால், குடும்பத்தினர் வாய்மூடி இருக்கவில்லை. துக்க வீட்டில் பந்தல் பிரிக்கும் முன்பே அவர்கள் வழக்கறிஞரைத் தேட வேண்டியிருந்தது, செய்தியாளர்கள் முன் அழ வேண்டியிருந்தது. குரல் எழுப்பத் தெரியாத, ஆள்பலம் இல்லாத குடும்பத்துக்கு இது நேர்ந்தால்?

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 2007 முதல் 2012 ஆகஸ்டு வரை போலீஸ் சூட்டில் 298 பேர் இறந்ததாக நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சு தெரிவித்தது. அவர்களில் 151 பேர் இந்தோனேசியர்கள். பாதிக்கு மேல். அவர்களுக்காகக் காவல் நிலைய வாசலில் நின்று கேள்வி கேட்க எத்தனை பேருக்கு இங்கே அம்மா அப்பா இருந்திருப்பார்கள்? எனவே இதை நம் இனத்தின் பிரச்சினை என்று மட்டும் சுருக்கிவிட முடியாது. கேட்க ஆளில்லாத எல்லாருடைய பிரச்சினையும் இது.

பத்தில் ஏழு

ஆனாலும் நம் சமூகத்துக்கு இதில் தனி வலி உண்டு. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. சுமார் 40,000 உறுப்பினர்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்கள் என்றது அந்தக் கணக்கு. மக்கள் தொகையில் நூற்றுக்கு ஏழு பேராக இருக்கும் சமூகம் நாம்.

அதே மாதம் பினாங்கு, சுங்கை நிபோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஐந்து பேர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில், அப்போதைய உள்துறை அமைச்சர் மலாக்காவில் ஆற்றிய உரையின் ஒலிப்பதிவு வெளியானது. எச்சரிக்கை தேவையில்லை, ஆதாரம் இருந்தால் முதலில் சுடுவோம் என்ற பொருளில் அவர் பேசியது பெரும் சர்ச்சையானது.

குண்டர் கும்பல் நம் பிள்ளைகளை விழுங்குகிறது என்பது உண்மை. அதை மூடி மறைப்பதால் யாருக்கும் லாபமில்லை. ஆனால் அந்தப் "பத்தில் ஏழு" என்ற எண், அதிகாலையில் ஷிப்ட் முடிந்து நண்பர்களோடு காரில் வரும் எந்தப் பையனின் நெற்றியிலும் எழுதப்பட்ட தீர்ப்பு ஆகிவிடக்கூடாது. கும்பலில் சேர்ந்தவனைக்கூட நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்த்தான் தண்டிக்க வேண்டும்.

இதே நாடு 2023இல் கட்டாய மரண தண்டனையை ஒழித்தது. தூக்குத் தண்டனைக் கைதிகள் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தண்டனையை மறுபரிசீலனை செய்ய கூட்டரசு நீதிமன்றத்துக்கு வழி திறந்தது. குற்றம் நிரூபணமான பிறகும், "கொஞ்சம் பொறு, இவன் உயிரை எடுக்கத்தான் வேண்டுமா?" என்று நீதிபதி யோசிக்க இடம் கொடுத்திருக்கிறோம். குற்றம் நிரூபணமாகாதவனுக்கு அந்த யோசனையில் ஒரு பங்காவது வேண்டாமா?

வீழ்த்தினார்களா, கொன்றார்களா?

செய்தி வாசிப்பது என் தொழில் என்பதால் சொற்களில் எனக்குக் கண் போகும். "மூன்று கொள்ளையர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டனர்." "போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூன்று ஆடவர்கள் மரணம்." இரண்டும் ஒரே சம்பவம்தான். முதல் வாக்கியத்தில் விசாரணை முடிந்துவிட்டது, தீர்ப்பும் வந்துவிட்டது. "வீழ்த்துவது" வேட்டைக்கும் போர்க்களத்துக்கும் உரிய சொல். "கொள்ளையர்" என்பது நீதிமன்றம் தர வேண்டிய பட்டம். இரண்டாவது வாக்கியம் தெரிந்ததை மட்டும் சொல்கிறது.

அடுத்ததாக வருவது இறந்தவரின் பழைய குற்றப் பதிவு. ஒருவர் மீது பத்து பதிவுகள் இருக்கலாம். அது அவர் எப்படி வாழ்ந்தார் என்பதைச் சொல்லும். கடைசி நிமிடத்தில் அவர் கையில் கத்தி இருந்ததா என்பதைச் சொல்லாது.

"என்கவுன்ட்டர்" என்ற சொல் சினிமா வழியாகத்தான் நம் வீட்டுக்குள் வந்தது. வில்லன் யார் என்பதைப் படத்தில் இயக்குநர் நமக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறார். அதனால் நாயகன் சுடும்போது விசில் அடிக்கிறோம். வாழ்க்கையில் அப்படிக் காட்ட யாரும் இல்லை. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கில் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது மக்கள் போலீஸாருக்குப் பூத்தூவினார்கள். 2022இல், உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணைக் குழு, கொல்லும் நோக்கத்தோடேயே அவர்கள் சுடப்பட்டனர் என்று அறிக்கை தந்தது. அதற்குள் பூவெல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது.

விசாரணை போலீஸுக்கும் நல்லதுதான்

சுதந்திரமான விசாரணை என்றாலே போலீஸுக்கு எதிரானது என்று பலர் நினைக்கிறார்கள். பக்கத்து நாட்டைப் பாருங்கள். 2015 மே 31, சிங்கப்பூரில் ஷங்ரிலா ஹோட்டலில் பாதுகாப்பு மாநாடு நடந்துகொண்டிருந்த நேரம். சோதனைச் சாவடித் தடுப்பை இடித்துக்கொண்டு ஓடிய காரின் ஓட்டுநர் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு மரண விசாரணை நீதிமன்றத்தில் எல்லாம் வெளிப்படையாக விசாரிக்கப்பட்டது. சுட்டது சட்டத்துக்கு உட்பட்டதே என்று முடிவு வந்தது. அந்த அதிகாரி தலை நிமிர்ந்து நடக்கலாம். அவரைக் காப்பாற்றியது அந்த விசாரணைதான்.

நம் நாட்டில் போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் மரண விசாரணை கட்டாயம். வெளியே சுட்டுக் கொல்லப்பட்டால் அதே கட்டாயம் இல்லை. மாஜிஸ்திரேட் தேவை என்று கருத வேண்டும், அல்லது அரசு வழக்கறிஞர் தரப்பு உத்தரவிட வேண்டும். இந்த ஓட்டையை அடைப்பதற்குப் பெரிய புரட்சி தேவையில்லை, ஒரு சட்டத் திருத்தம் போதும்.

போலீஸைப் போலீஸே விசாரிக்கக்கூடாது என்பதும் புதிய கோரிக்கை இல்லை. 2005இல் அரச விசாரணை ஆணையம் 125 பரிந்துரைகளைத் தந்தது. சுயேச்சை ஆணையம் அமைப்பது அவற்றில் முக்கியமானது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலையில் ஐபிசிசி எனும் போலீஸ் நடத்தை மீதான சுயேச்சை ஆணையம் செயல்படத் தொடங்கியது. ஆனால் அது தானே ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது, கண்டறிந்ததை அனுப்பி வைக்கத்தான் முடியும். போலீஸ் படைத் தலைவரின் நிலையான உத்தரவுகளுக்கு உட்பட்ட செயல்கள் அதன் வரம்புக்கு வெளியே இருக்கின்றன. எப்போது சுடலாம் என்று போலீஸுக்குச் சொல்லும் அந்த உத்தரவுகளை நீங்களும் நானும் வாங்கிப் படிக்கவும் முடியாது.

அடுத்த செய்தி வரும்போது

கைதட்டுவதற்கும் கொதிப்பதற்கும் முன்பு, சில கேள்விகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். சுடும் முன் எச்சரிக்கை கொடுக்கப்பட்டதா? ஆபத்து அந்த நொடியில் இருந்ததா? சுட்ட பிறகு ஆம்புலன்ஸ் அழைக்கப்பட்டதா? குடும்பத்துக்கு எப்போது, யார் சொன்னார்கள்? உடற்கேமரா இருந்ததா, அதன் பதிவு யாரிடம் இருக்கிறது? விசாரிப்பது அதே வட்டாரப் போலீஸா, வெளியாளா? இவற்றில் பெரும்பாலானவை 1990இல் ஹவானாவில் ஐக்கிய நாடுகள் மாநாடு ஏற்றுக்கொண்ட நெறிகளில் உள்ளவைதான்.

இப்படி ஒரு இழப்பு நேர்ந்த குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், ஆறுதலோடு இவற்றையும் சொல்லுங்கள். தங்கள் தரப்பைப் போலீஸ் புகாராகப் பதிய வேண்டும். பிரேதப் பரிசோதனையில் சந்தேகம் இருந்தால், அடக்கமோ தகனமோ செய்வதற்கு முன்பே வழக்கறிஞரிடம் பேச வேண்டும். சாம்பலை மறுபரிசோதனை செய்ய முடியாது. இறந்தவரின் தொலைபேசி, அழைப்பு விவரம், கடைசிச் செய்திகள் எதையும் அழிக்கக்கூடாது. சுவாகாமுக்கும் ஐபிசிசிக்கும் எழுதலாம். மரண விசாரணை கேட்டு சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கும் எழுதலாம். வசதி இல்லையென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது.

சரி, தாலிக்கொடி பறிபோன அந்த அம்மாவுக்கு என்ன பதில்?

அம்மா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் சந்தேக நபர் தோட்டத்தில் பிணமாகக் கிடந்தால் உங்கள் வழக்கும் அவனோடு முடிந்துபோகிறது. நகையை வாங்கியது யார், அவனை ஏவிவிட்டது யார், அந்தக் கும்பலின் தலைவன் இன்று எந்தக் கடையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறான் என்பதெல்லாம் அவனோடு போய்விடுகிறது. உயிரோடு பிடித்து, கூண்டில் ஏற்றி, உங்கள் முன்னால் நிற்க வைத்திருந்தால் இத்தனைக்கும் பதில் கேட்டிருக்கலாம். அவன் உண்மையில் அவன்தானா என்பதையும், "ஆமாம், இவன்தான்" என்று நீங்களே கைகாட்டிச் சொல்லியிருக்கலாம். ஒருவேளை, "இவன் இல்லை" என்றும் சொல்லியிருக்கலாம்.